டிரைவர் எழுத ஆள் இருக்கு, விவரம்தான் இல்லை

போன மாதம் ஒரு ஸ்கேனரைக் காயலான் கடையில் போட்டேன். பழுது ஒன்றுமில்லை, லினக்ஸில் அதற்கு டிரைவர் இல்லை, அவ்வளவுதான். தயாரித்தவர்களிடம் கேட்டால், எழுத ஆள் இல்லையாம்.

ஆள் இருக்கிறார்கள். கர்னல் உருவாக்குநர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் 2007-லேயே, எந்த நிறுவனத்துக்கும் இலவசமாக லினக்ஸ் டிரைவர் எழுதித் தருகிறோம் என்று அறிவித்தார். கேட்டது இவ்வளவுதான்: கருவி எப்படி வேலை செய்கிறது என்ற விவரக்குறிப்பு, இல்லையென்றால் அவ்வப்போது சந்தேகம் தீர்க்க ஒரு பொறியாளரின் மின்னஞ்சல்.

அதே ஆண்டு ஏஎம்டி தன் கிராபிக்ஸ் சிப்களின் ஆவணங்களை வெளியிட ஆரம்பித்தது. என்விடியா அப்படிச் செய்யவில்லை. நூவோ குழுவினர் கார்டின் நடத்தையைத் துருவித் துருவிப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. பிறகு கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வந்ததும், கார்டை முழு வேகத்தில் ஓட்டும் வழியும் அடைபட்டது.

நிறுவனத்துக்கு என்ன லாபம்? டிரைவர் கர்னலுக்குள் போய்விட்டால், உள் அமைப்பை மாற்றுகிறவரே அந்த டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிடுவார். பராமரிப்புச் சுமை பெரிதும் குறையும்.

ஆக, ஆவணம், ஓரிரண்டு மாதிரிக் கருவிகள், ஃபர்ம்வேரைப் பகிர அனுமதி: இவற்றைக் கொடுத்தால் போதும், எழுதுபவர்கள் வருவார்கள். நான் இப்போதெல்லாம் லினக்ஸில் ஓடுமா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறேன்.