இந்தப் பத்தியை எங்கே வைப்பது?

நிரல் எழுதக் கற்றுத்தரும் இலவசப் பாடங்கள் பலவற்றுக்கு ஆசிரியர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. ஒருவர் ஒரு பத்தியைச் சேர்த்திருப்பார், வேறொரு நாட்டில் இருப்பவர் அதில் ஒரு வரியைத் திருத்தியிருப்பார். சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை. அப்படி வந்து சேரும் ஒரு புதிய பத்தியை எந்த இடத்தில் வைப்பது? கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கிறது. ஆனால் ஒரு பாடம் தேறுவதும் தேறாமல் போவதும் பெரும்பாலும் இதில்தான். நிதானமாகப் பார்ப்போம்.

ஜாங்கோ கேர்ள்ஸ் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 2014-ல் பெர்லினில் நடந்த யூரோபைத்தான் மாநாட்டின்போது ஓலா சிட்டார்ஸ்கா, ஓலா செண்டெட்ஸ்கா என்ற இரு பெண்கள், நிரல் எழுதிப் பழக்கமே இல்லாத பெண்களுக்காக ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்த பாடம் இது. பைத்தான் என்பது நிரல்மொழி. ஜாங்கோ, அந்த மொழியில் இணையதளம் கட்டுவதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு. காலையில் வந்து உட்காருகிறவர் தன் கையால் ஒரு வலைப்பூவைக் கட்டி, அதை இணையத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் பயிலரங்கின் நோக்கம். பாடம் முழுவதும், நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. யாரும் ஒரு மாற்றத்தை எழுதி அனுப்பலாம்.

யாரும் அனுப்பலாம் என்பதால் நல்ல மாற்றங்களே நிறைய வரும். உதாரணமாக, பைத்தான் அறிமுக அத்தியாயம் ‘ஃபார்’ என்ற சுழற்சிக் கட்டளையைச் சொல்லித்தருகிறது. ஒரு பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது அது. ‘வொயில்’ என்று இன்னொரு சுழற்சியும் உண்டு. ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடுவது. அதையும் சேர்த்துவிடலாமே, இரண்டும் உடன்பிறப்புகள்தானே என்று ஒரு தன்னார்வலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியது சரி, உதாரணம் தெளிவு, நான்கே வரி. மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு செய்தி உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், அதோடு தொடர்புள்ள தலைப்பின் கீழ் அதற்கு இடம் உண்டு என்று நாம் நினைத்துவிடுகிறோம். குறிப்புநூலுக்கு அது பொருந்தும். அங்கே வருகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறார், தேடியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். தொடக்கப் பாடத்துக்கு வருகிறவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். எதைப் படிக்காமல் தாண்டலாம் என்று அவருக்குத் தெரியாது. பாடத்தில் இருக்கிறது என்றாலே தேவை என்றுதான் எடுத்துக்கொள்வார். நாம் போகிறபோக்கில் வைத்த நான்கு வரியில் அவர் அரைமணி நேரம் நின்றுவிடலாம். புரியவில்லை என்றால், நமக்கு இதெல்லாம் வராது என்று முடிவும் கட்டிவிடலாம்.

முதன்முதலாகத் தாளிக்கிறவர் பக்கத்தில் நின்றுகொண்டு, எண்ணெயில் கடுகு வெடிக்கிற நேரத்தில் சின்னக் கடுகுக்கும் பெரிய கடுகுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினால் எப்படி இருக்கும்? சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தாளிப்பு கருகிப்போகும்.

ஆகவே, இது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று கேட்டால் போதாது. கற்பவருக்கு இது எந்த அடியில் தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும். அந்த வலைப்பூவில் பதிவுகளை வரிசையாகக் காட்ட ‘ஃபார்’ வேண்டும், ‘வொயில்’ எங்கேயும் வேண்டாம். அதனால் அது வெளியே நிற்கிறது. இதே கேள்வி இன்னொன்றை இடம் மாற்றியும் வைத்திருக்கிறது. ‘ஆப்ஜெக்ட்’, அதாவது ஒரு பொருளின் பண்புகளையும் செயல்களையும் ஒன்றாகக் கட்டிவைப்பது, பைத்தான் சார்ந்த விஷயம். தலைப்பின்படி பார்த்தால் பைத்தான் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். பாடமோ அதைப் பிற்பாடு, வலைப்பூவில் ஒரு பதிவு என்பது என்னென்ன சேர்ந்தது என்று ஜாங்கோவுக்குச் சொல்ல வேண்டிய அத்தியாயத்தில்தான் விளக்குகிறது. நிறம், வயது, மனநிலை கொண்ட ஒரு பூனையை வைத்து விளக்கிவிட்டு, உடனே அதைப் பயன்படுத்தவும் வைக்கிறது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

தேவை உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை என்ற வகையும் இருக்கிறது. விண்டோஸ் கணினியில், கட்டளைகளைத் தட்டச்சிடும் பவர்ஷெல் வழியாக மெய்நிகர்ச் சூழலை, அதாவது ஒரு திட்டத்துக்கான நிரல்களைத் தனியே பிரித்துவைக்கும் இடத்தை, இயக்கும்போது, ஸ்கிரிப்ட்டுகளை ஓட்ட அனுமதி இல்லை என்று ஒரு பிழைச்செய்தி சிலருக்கு வரும். அதற்கான தீர்வு அந்தக் கட்டளையை ஒட்டியே குறிப்பாக இருக்கிறது. விண்டோஸுக்கான பகுதியே விரித்தால்தான் தெரியும் மடிப்புக்குள் இருப்பதால் மற்றவர்கள் கண்ணில் படாது. பிழைகளையெல்லாம் திரட்டிக் கடைசியில் ஓர் அத்தியாயமாகப் போட்டிருந்தால் யாருக்கும் உதவியிருக்காது. மாட்டிக்கொண்டவர் மாட்டிக்கொண்ட இடத்தில்தான் தேடுவார்.

கடினமானது, முக்கியமான ஒன்றைத் தள்ளிவைப்பது. பாடத்தின் பிற்பகுதியில், படிவம் வழியாகப் புதிய பதிவு போடும் வசதி வருகிறது. பாதுகாப்பு இல்லாவிட்டால் வழிப்போக்கர் யாரும் வந்து எழுதிவிடலாம். பாடம் என்ன செய்கிறது? உள்நுழைந்தவருக்கு மட்டும் புதிய பதிவுக்கான பொத்தான் தெரியும்படி ஒரு நிபந்தனை வரியைச் சேர்க்கிறது. இது முழுப் பாதுகாப்பு இல்லை, முதல் அடிதான், மீதி விரிவாக்கப் பாடத்தில் வரும் என்று வெளிப்படையாகச் சொல்லியும் விடுகிறது. உள்நுழைவு, பின்னூட்டம், வரைவு, நீக்கம் போன்றவை ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற அந்தத் தனிநூலில் இருக்கின்றன. முழுப் பாதுகாப்பையும் இங்கேயே சொல்லியிருந்தால் மாலைக்குள் முடியாது. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் அது பொய். குறையைச் சொல்லி வழியையும் காட்டிவிட்டதால் இரண்டும் நேரவில்லை.

ஒரு பத்தியைச் சேர்ப்பதில் உள்ள இன்னொரு செலவையும் நாம் மறந்துவிடுகிறோம். இந்தப் பாடம் பிரெஞ்சு, ஸ்பானியம், கொரியம் எனப் பல மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பத்தி கூடினால், ஒவ்வொரு மொழியிலும் யாரோ ஒரு தன்னார்வலர் அதை மொழிபெயர்க்க வேண்டும்; செய்யாவிட்டால் அந்த மொழிக்காரர்கள் பழைய பாடத்தைப் படிப்பார்கள். மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது பத்தியைச் சரிபார்க்கவும் ஒருவர் வேண்டும். எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

நீங்களும் இப்படி ஒரு பாடத்துக்கு எழுதித்தர நினைத்தால், அவசியம் எழுதுங்கள். ஆள் எப்போதும் தேவை. அதற்கு முன், நிரலே அறியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாடத்தை முதலிலிருந்து செய்வதை வாய் திறக்காமல் பாருங்கள். அவர் நின்றுபோன இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே போகவேண்டிய பத்தியை முதலில் எழுதி அனுப்புங்கள்.