எந்தப் பாலை இது?

கிளையைக் கிள்ளினால் பால் வடிகிறது. இலைகள் எதிரெதிர் ஜோடி, பூவோ வெள்ளை. இது வெட்பாலையா, குடசப்பாலையா? இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்துத் தோல் நோய்க்குப் பூசுகிறோமே, அது வெட்பாலை. வயிற்றுக்கடுப்புக்குப் பட்டை உரிப்பது குடசப்பாலையில். நாட்டுமருந்துச் சரக்கில் ஒன்றின் பட்டை மற்றொன்றின் பெயரில் விலைபோவது உண்டு.

பூவுக்குள் பாருங்கள். நடுவில் குஞ்சம்போல் கிழிந்த விளிம்பு, வெளியே நீட்டிய மகரந்தப்பைகள் என்றால் வெட்பாலை. குஞ்சம் இல்லை, மகரந்தப்பைகள் குழலுக்குள்ளேயே மறைந்திருக்கின்றன என்றால் குடசப்பாலை. பூ உதிர்ந்துவிட்டதா? இரட்டைக் காய்கள் இளசாக இருக்கையில் நுனியில் ஒட்டியிருப்பது வெட்பாலை. தொடக்கம் முதலே தனித்தனியாக ஒல்லியாகத் தொங்குவது குடசப்பாலை. ஆமா, இல்லையா என்று கேட்டுக்கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் இந்த முறையைத்தான் தாவரவியலார் ‘கீ’ என்கிறார்கள்.

‘கீ’யோடு படமும் இருந்தால் செடியை அடையாளம் காண்பது எளிது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் 1915 முதல் வெளியிட்ட நூல் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதித் தாவரங்களைப் படங்களோடு காட்டியது. துரைமார்கள் கோடைக்குப் போன மலைகள் அவை! ஜவ்வாது மலைக்கு அந்த யோகம் இல்லை. கேம்பிள் என்ற தாவரவியலாளரின் சென்னை மாகாணத் தாவர நூல் இருந்தது. ஆனால் அதில் படமே கிடையாது.

குறையைத் தீர்த்தவர் சேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தைத் தொடங்கியவர். ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் செடிகள் சேகரித்து, அழுத்தி உலர்த்திப் பாடம் செய்து, 1980-களில் ‘தமிழ்நாடு கர்நாட்டிக்’ எனப்படும் பகுதியின் தாவரங்களுக்குப் பல தொகுதிகள் கொண்டுவந்தார். கோட்டோவியங்களுக்கு மட்டுமே தனித் தொகுதிகள். இவற்றை யார் மலையேற்றுவது? 1991-இல் மத்திய தமிழ்நாட்டுக்கென ஒரே புத்தகமாகச் சுருக்கினார். என் கணக்கில், பெருந்தொகுதிகளைவிட இதுதான் அவருடைய பெரிய காரியம். 2004-இல் மறைந்தார்.

ஒரே குறை, அந்தச் சுருக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரங்கள் தெரியும், புத்தகம்தான் எட்டாது. ஜவ்வாது மலை மரங்களுக்கு மட்டுமாவது தமிழில் ஒரு ‘கீ’ எழுதித்தர, நம் கல்லூரித் தாவரவியல் துறைகள் முன்வர வேண்டும்.