சைவ உணவுக் குறி

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் தம் விளைபொருளை ஊறுகாய், பொடி முதலியனவாக்கிப் பொட்டலத்தில் விற்க முற்படும் குடியானவர்கள் ஒரு சிறு குறியை அறிந்துகொள்ளுதல் அவசியம். பச்சைக் கோட்டுச் சதுரத்தினுள் பச்சை வட்டம் இடுவது சைவ உணவுக்கு உரியது. 2001-ம் வருஷத்தில் இது விதியாயிற்று. எழுத்தறியாதவரும் பாஷையறியாதவரும் கண்ட மாத்திரத்தில் தெரிந்துகொள்வதே இதன் பயன்.

அசைவத்திற்கும் முதலில் வட்டமே இருந்தது; நிறம் மட்டும் பழுப்பு. பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. ஆகவே 2020-ம் வருஷத்து விதிகளில் பழுப்பு வட்டத்தை நீக்கி முக்கோணம் வைத்தனர். தாமதமாயினும் நல்ல காரியமே.

பால் பிராணியிடமிருந்து கிடைப்பதாயினும் சட்டப்படி சைவமே. ஆதலின் நெய்க்குப் பச்சைக் குறி உண்டு. முட்டையோ அசைவம். முட்டை சிறிதே கலந்த பிஸ்கோத்துக்கும் முக்கோணந்தான். செய்பவர் சைவரா என்பதன்று கேள்வி. பண்டத்தில் என்ன கலந்தது என்பதே. பாலும் தேனுங்கூடக் கலவாத உணவுக்கு 2022-ல் தனி விதிகள் ஏற்பட்டன. அதன் குறியும் வேறு.

முகப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத பொட்டலத்தில் வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. சதுரத்தின் பக்கம் அதற்கு இருமடங்கு. பண்டத்தின் பெயருக்கு அருகிலேயே குறியை அச்சிடுக.