'சாப்டாச்சா?'வுக்கு ஸ்பானிஷில் என்ன?

"ஆ கே ஓரா கோமெஸ்?"

ஸ்பானிஷ் வைவாவில் மேடம் கேட்ட முதல் கேள்வி. 'எத்தனை மணிக்குச் சாப்பிடுவே?' அட, ரொம்ப ஈஸி ஆச்சேன்னு காலை எட்டு, மதியம் ஒண்ணு, ராத்திரி எட்டுன்னு ஸ்பானிஷ்லயே அடுக்கினேன். மேடம் சிரிச்சிட்டாங்க. "நான் மதியச் சாப்பாட்டை மட்டும்தானே கேட்டேன்?"

ஈஸியா மார்க் அள்ளலாம்னு இந்த எலெக்டிவ்ல சேர்ந்தவனுக்கு முதல் பந்திலேயே விக்கெட்! நமக்கு இட்லியோ, மீல்ஸோ, ராத்திரி தோசையோ... எல்லாத்துக்கும் ஒரே 'சாப்பிடு' போதும். ஸ்பானிஷ்ல வேளைக்கு ஒரு வினைச்சொல் இருக்கு மக்களே!

அஞ்சு வேளை, அஞ்சு சொல்

தெசயுனார்: காலையில் டிபன் சாப்பிடுவது.

கோமெர்: பொதுவாகச் சாப்பிடுவது. ஆனால் ஸ்பெயினில் 'மதியச் சாப்பாடு சாப்பிடுவது' என்றும் அர்த்தம். அதுவும் 2 மணிக்கு மேல்தான். நான் மாட்டினது இங்கேதான்.

மெரெந்தார்: சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் கொறிப்பது.

செனார்: ராத்திரிச் சாப்பாடு. ஸ்பெயினில் 9, 10 மணி சர்வ சாதாரணம்.

அல்மோர்சார்: இதுதான் வில்லன். கொலம்பியா, பெருவில் இது மதியச் சாப்பாடு. ஸ்பெயினின் பல ஊர்களில் காலை 11 மணி வாக்கில் சாப்பிடும் சின்னச் சாப்பாடு. அதனால யாராவது 'அல்முவெர்சோ'வுக்குக் கூப்பிட்டா, முதல்ல எந்த ஊர்க்காரர்னு கேட்டுக்கோங்க! சிலியில் இன்னும் கூத்து. சாயங்கால டீ, ரொட்டிக்குப் பேரு 'ஓன்ஸே'. அப்படின்னா பதினொண்ணு!

ஸ்பெயின்காரங்க ஏன் இவ்வளவு லேட்? கடிகாரமும் ஒரு காரணம். 1940-ல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வெச்சது. அப்புறம் பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி ஒண்ணைத் தாண்டியிருக்கும். கோடையில் ரெண்டையே தாண்டிடும்.

'நான்' வேண்டாம்

நமக்கு ஒரு ஆறுதல் இருக்கு. 'சாப்பிடறேன்'னு சொன்னா 'நான்' தனியா தேவையில்லை இல்லையா? அங்கேயும் அப்படித்தான். தெசயுனோ என்றால் 'நான் டிபன் சாப்பிடறேன்', தெசயுனாஸ் என்றால் 'நீ சாப்பிடறே'. 'தெசயுனோ ஆ லாஸ் ஓச்சோ' என்றால் 'எட்டு மணிக்கு டிபன் சாப்பிடறேன்'. அல்மோர்சார் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். 'அல்மோர்சோ' இல்லை, 'அல்முவெர்சோ'.

ரெண்டாவது கேள்வி

"கே தெசயுனாஸ்?" - டிபனுக்கு என்ன சாப்பிடுவே?

வாயில் வந்தது ஒரே வார்த்தை: "நாதா". ஒண்ணுமில்லை.

முதல் கேள்விக்கு எட்டு மணின்னு அளந்ததெல்லாம் டுபாக்கூர்னு அம்பலமாயிடுச்சு. மெஸ் மூடுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எழுந்திருக்கிற ஆளு நான். மேடம் இந்த முறை சிரிக்கலை. "ஆயுனோன்னா விரதம். அதை முடிக்கறதுதான் தெசயுனார். நீ விரதத்தை முடிக்கறதே இல்லையே!"

சுருக்குன்னு இருந்தது. தினமும் 11 மணி இன்டர்வல்ல அம்மா போன் பண்ணி "சாப்டாச்சா?"ன்னு கேப்பாங்க. "ஆச்சும்மா"ன்னு சொல்வேன். நேத்து ராத்திரி சாப்பிட்டதை மனசுல வெச்சுக்கிட்டு! எந்த வேளைன்னு அம்மா கேக்கலையே. இதையே ஒரு மெக்சிகோ அம்மா "யா தெசயுனாஸ்தே?"ன்னு கேட்டிருந்தா நான் காலி.

கிளம்பும்போது மேடம் இன்னொரு வார்த்தை சொல்லித் தந்தாங்க: சோப்ரெமேசா. சாப்பிட்டு முடிச்சதும் எழுந்து ஓடாம, அங்கேயே உட்கார்ந்து அரட்டை அடிக்கிற நேரம். 'சோப்ரே'ன்னா மேலே. 'மேசா'ன்னா? நம்ம மேசையேதான்! தமிழுக்கு அது போர்ச்சுகீசிய மொழி வழியா வந்தது. ஸ்பானிஷ்லயும் அதே சொல்தான்.

மறுநாள் 7.45-க்கு மெஸ்ஸில் ஆஜர். ஆறின இட்லி, தண்ணிச் சாம்பார். எதிர்ல ரூம்மேட். "என்ன மச்சி, உடம்பு சரியில்லையா?"ன்னு ஆரம்பிச்சான். முதல் ஹவருக்குப் பத்து நிமிஷம் லேட்.

11 மணிக்கு அம்மா போன். "ரெண்டு இட்லி சாப்டேம்மா"ன்னேன். "எப்போ?"ன்னாங்க சந்தேகமா!

சரி, நீங்க சொல்லுங்க... யா தெசயுனாஸ்தே?