பிள்ளையின் சர்வீஸும் பெற்றோரின் ரசீதும்

சனி, ஞாயிறு காலைகளில் சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஒரு டென்னிஸ் கோர்ட்டின் வேலியோரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பதினொரு வயதுப் பையன் ஒருவன் தோளில் நீல நிற டேப் ஒட்டிக்கொண்டு சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பான். வேலிக்கு இந்தப் பக்கம் அவன் அப்பா. “அடிச்சு இறக்குடா, ஏன் தூக்கித் தூக்கிப் போடுற?” என்று சத்தம் போடுவார். அடிப்பான், பந்து வலையில் விழும். “இன்னொரு கூடை முடிச்சுட்டு வா” என்பார் கோச். பையன் இரண்டு பந்துக்கு நடுவில் தோளை மெல்லச் சுழற்றிக்கொள்வான். அதைக் கவனிக்க ஆள் இருக்காது.

இதே அப்பாதான் சில மாதம் கழித்து ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஆறு மாச ஃபீஸ் மொத்தமாக் கட்டிட்டேன் சார், திருப்பித் தர மாட்டேங்கிறாங்க” என்று என்னிடம் வருவார். ரசீது எங்கே என்றால் இருக்காது. டாக்டர் சீட்டு எங்கே என்றால், “ரெஸ்ட் எடுக்கச் சொன்னார், வாயாலதான் சொன்னார்” என்பார். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் பிள்ளையின் தோளையும் காப்பாற்றலாம், கட்டிய பணத்தையும் கேட்டு வாங்கலாம். நம் ஆட்கள் இரண்டையும் கோட்டை விட்டுவிட்டுத்தான் வழி கேட்க வருகிறார்கள்.

முதலில் அந்த “அடிச்சு இறக்கு” விவகாரம். பேஸ்லைனிலிருந்து வலைக்கு 39 அடி. வலையிலிருந்து எதிர்ப்பக்க சர்வீஸ் கோட்டுக்கு 21 அடி. வலை நடுவில் 3 அடி உயரம். நேர்கோட்டில் அடித்த பந்து வலையைத் தாண்டி சர்வீஸ் பாக்ஸுக்குள் விழ வேண்டுமென்றால், அதை ஏறக்குறைய எட்டரை அடி உயரத்தில் தொட வேண்டும். நாலரை அடிப் பையன் கையை நீட்டி மட்டையையும் நீட்டினால் ஏழு அடிக்குக் கிட்டத்தில்தான் பந்தைத் தொடுவான். ஆக, அவன் பந்தை மேலே தூக்கி வளைத்து அனுப்பித்தான் ஆக வேண்டும். அவன் சரியாகச் செய்வதைத்தான் அப்பா தப்பு என்று திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டுக்குப் பயந்த பிள்ளை பந்தைக் கீழே இறக்க மணிக்கட்டையும் தோளையும் முறுக்குகிறான். வலி பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இளம் வயதில் நல்ல சர்வீஸ் என்றால் வேகமான சர்வீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து, பதினொரு வயதில் பார்க்க வேண்டியது பிடி, பந்தை மேலே எறியும் டாஸ், கால் இவை மூன்றுதான். பிடி கான்டினென்டலாக இருக்க வேண்டும். அதாவது சுத்தியலைப் பிடிப்பதுபோல, மட்டையின் விளிம்பு முன்னால் பார்க்கும்படி. தோசைக்கல்லைப் பிடிப்பதுபோல் அகலமாகப் பிடிக்கும் பிள்ளைக்கு இன்றைக்குப் பந்து உள்ளே விழும், நாளைக்குப் பந்தைப் பக்கவாட்டில் சுழற்றும் ஸ்லைஸ் வராது, செகண்ட் சர்வீஸே வராது. பிடியை மாற்றிய முதல் சில வாரங்கள் பந்து கண்ட பக்கம் பறக்கும். அந்த நேரத்தில்தான் பெற்றோர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்பார்கள். தோற்றுவிடுவோமோ என்று பிள்ளை பழைய பிடிக்கே போய்விடும். பிடி மாற்றும் காலத்தில் போட்டி வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.

டாஸ் சரியில்லாமல் போட்டுவிட்டால் அடிக்காமல் பந்தைப் பிடித்துக்கொள்ளலாம், விதி அதற்கு இடம் தருகிறது. இது தெரியாமல் தலைக்குப் பின்னால் போன பந்தையும் முதுகை வில்லாக வளைத்துத் துரத்தி அடிக்கும் பிள்ளைகள் ஏராளம். சர்வீஸின் பலத்தில் பாதிக்கு மேல் கால், இடுப்பு, உடம்பிலிருந்துதான் வருகிறது. முழங்கால் மடங்கி எழவில்லை என்றால் அந்தச் சுமை முழுக்கத் தோள்மேல் ஏறும். உயரத் துள்ளும் கிக் சர்வீஸ் இன்னும் மோசம். முதுகைப் பின்னால் வளைத்துத் திருகாமல் அது வராது. உடம்பு வளர்ந்து, வயிற்றுத் தசையும் இடுப்பும் உறுதிப்படும்வரை ஸ்லைஸ் போதும் என்பேன். யூடியூபைப் பார்த்துவிட்டு, “எப்ப சார் கிக் சொல்லிக்கொடுப்பீங்க?” என்று கோச்சை நச்சரிக்காதீர்கள். வேகமான சர்வீஸ் இல்லாமலும் ஜெயிக்கலாம். இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸ் மெதுவானது என்பது ஊரறிந்த செய்தி. அப்படிப்பட்டவர்தான் 1979-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் போட்டியில் வழக்கமான மஞ்சள் பந்தில் ஆடக் கூடாது என்பது 2012 முதல் உலக டென்னிஸ் சம்மேளனத்தின் விதி. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று மெதுவான பந்துகள் இருக்கின்றன. சிவப்பு சுமார் 75 சதவீதம், ஆரஞ்சு 50, பச்சை 25 சதவீதம் வேகம் குறைந்தவை. நம் ஊரில் எட்டு வயதுக் குழந்தை கையில் பெரியவர் மட்டையும் மஞ்சள் பந்தும் இருக்கும். கேட்டால், “சீக்கிரம் பழகட்டும்னுதான்” என்பார்கள். இன்னொன்று, மட்டையில் பாலியஸ்டர் நரம்பு போடாதீர்கள். விறைப்பான நரம்பு, அதிர்வு நேராக முழங்கைக்குப் போகும். சிந்தெடிக் கட் போதும், விலையும் குறைவு.

இனி வலி. வளரும் பிள்ளையின் மேற்கை எலும்பில், தோளுக்குச் சற்றுக் கீழே, வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பை விட அது மென்மை. ஓயாமல் சர்வீஸ் அடித்தால் அந்தத் தட்டு விரிந்து புண்ணாகும். பிள்ளை தோளுக்கு வெளிப்பக்கத்தைத் தொட்டு “இங்க வலிக்குது” என்று காட்டும். கீழ்முதுகிலோ எலும்பில் மெல்லிய விரிசல் விழும். அதை டாக்டர்கள் ஸ்பாண்டிலோலிசிஸ் என்பார்கள். பிரிட்டனில் வலியே இல்லாத 33 முன்னணி ஜூனியர் வீரர்களின் கீழ்முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். 28 பேர் படத்தில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையை ஒற்றைக் காலில் நிற்கவைத்து மெதுவாகப் பின்னால் வளையச் சொல்லுங்கள், பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சுருக்கென்று வலித்தால், அல்லது எந்த வலியானாலும் இரண்டு வாரம் தாண்டினால், எலும்பு மருத்துவரிடம் போங்கள். தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். முதுகு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், “விரிசல் ஆரம்ப நிலையில் இருந்தா எக்ஸ்ரேல தெரியாதாமே, எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா?” என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. தோள் வலி என்றால் இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட முடியுமா என்று கேளுங்கள்.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் சிறுவர்கள் எத்தனை ஓவர் வீசலாம் என்று இங்கிலாந்து வாரியம் வயதுவாரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் கணக்கை வீட்டில்தான் வைக்க வேண்டும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஒரு எளிய வரம்பு உண்டு: வாரத்தில் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பதினொரு வயதென்றால் வாரத்துக்குப் பதினொரு மணி நேரம். இதில் போட்டியும் சேரும். கையில் வலி இருக்கும்போது ஆட்டத்தை முடித்தே ஆக வேண்டும் என்றால் அண்டர்ஆர்ம் சர்வீஸ் போடலாம், விதிப்படி செல்லும். 1989 ஃபிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், தசைப்பிடிப்போடு, இவான் லெண்டலுக்கு எதிராக அப்படித்தான் போட்டார். வென்றார். கூட்டம் சிரித்தால் சிரிக்கட்டும்.

மருந்துக்கு வருவோம். போட்டிக்கு முந்தைய நாள் “ஒரு ஊசி போட்டா சரியாயிடும்” என்று சொல்லும் ஆட்களிடமிருந்து பிள்ளையைத் தூர வையுங்கள். ஸ்டீராய்டு ஊசி, எந்த இடத்தில் போட்டாலும், 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலுக்குப் பிள்ளை, பெரியவர் என்ற பேதம் கிடையாது. சிகிச்சைக்கு உண்மையிலேயே தேவை என்று மருத்துவர் சொன்னால், தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாயால் சொன்ன சமாதானம் அங்கே செல்லாது. வீட்டில் கிடக்கும் நிமெசுலைடு மாத்திரையையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வலியை மறைக்கும் மாத்திரையோடு ஆடவைத்தால் விரிசல்தான் பெரிதாகும். ஊசி வேண்டாம், ஊசி வேண்டாம்.

இப்போது தாள்கள். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

டாக்டரிடம் “ரெஸ்ட்” என்ற ஒற்றைச் சொல்லோடு எழுந்து வராதீர்கள். சான்றிதழாக எழுதி வாங்குங்கள். பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் டென்னிஸ் சங்கப் பதிவிலும் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். என்ன கோளாறு, எந்தத் தேதியில் பார்த்தார், எதைச் செய்யக் கூடாது, எத்தனை வாரம், அடுத்து எப்போது காட்ட வேண்டும், எல்லாம் அதில் வேண்டும். “தலைக்கு மேல் கை தூக்கி அடிக்கும் சர்வீஸும் ஸ்மாஷும் கூடாது” என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பத்தாம் நாளே, “லேசா ஃபோர்ஹேண்ட் மட்டும்” என்று கூப்பிட்டு, அரை மணியில் சர்வீஸில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கையெழுத்தும் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணும் கட்டாயம். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. கவுன்டரில் “அடுத்த வாரம் வாங்க” என்றால் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு 72 மணி நேரம் ஓடாது.

போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் போட்டியின் விவரத் தாளை (ஃபேக்ட் ஷீட்) எடுத்து விலகும் கடைசி நாளைப் பாருங்கள். அதற்குள் விலகிவிடுங்கள். தாண்டிவிட்டால் சான்றிதழை இணைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் ரெஃப்ரியிடம் சொன்னது எந்த ஃபைலிலும் ஏறாது.

அடுத்தது அகாடமி. பணம் கட்டும்போதே ரசீது. வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் ரசீது தேவையில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக்கு பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டாதீர்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுத்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிள்ளை வலி என்று சொன்ன அன்றே கோச்சுக்கு ஒரு செய்தி: “இன்று வலது தோள் வலிக்கிறது என்கிறான், சர்வீஸ் பயிற்சி வேண்டாம்.” அழிக்காமல் வையுங்கள். காயம் பட்டதாலேயே ஃபீஸ் தானாகத் திரும்பி வந்துவிடாது. வலி என்று தெரிந்தும் அடிக்கவைத்தார்கள் என்று காட்ட முடிந்தால்தான் உங்கள் வாதத்துக்குக் கால் இருக்கும்.

ஃபீஸ் கேட்டுத் தரவில்லை என்றால், கட்டிய தொகை, பயன்படுத்தாத மாதங்கள், சான்றிதழ் நகல் எல்லாம் வைத்து 15 நாள் அவகாசத்தோடு ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில அகாடமிகள் இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அகாடமி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். மனு, உறுதிமொழிப் பத்திரம், ரசீது, கடிதம், சான்றிதழ், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு ஆகியவற்றை வரிசை எண் போட்டு இணையுங்கள். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். அதற்கும் சேர்த்து மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடமே நடத்தும் பயிற்சி என்றால், கல்வி நிறுவனம் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற வாதம் குறுக்கே வரும். அங்கே ஒரு வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது. அரசு மைதானத்தில் நடக்கும் பயிற்சி என்றால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கு மனு. அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி எண் 1100.

கடைசியாக, ஃபீஸை விடப் பெரிய விஷயம். இரண்டு சர்வீஸையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டதற்குத் தண்டனையாக நூறு சர்வீஸ் அடிக்கவைப்பது, மட்டையால் தட்டுவது, வெயிலில் நிற்கவைப்பது, இதெல்லாம் கண்டிப்பு என்று சிரித்துக்கொண்டு நிற்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் துன்புறுத்துவது சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 75-ஆம் பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுத்தில் கொடுங்கள். தொடக் கூடாத விதத்தில் தொட்டார் என்று பிள்ளை சொன்னால் அகாடமி நிர்வாகத்திடம் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்த நிர்வாகியும் தண்டனைக்கு உரியவர். அன்றே, பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வைத்துவிட்டு, நேராக மகளிர் காவல் நிலையம் செல்லுங்கள்.