வலி நின்ற பல்

பல் செத்துப்போகிறது என்றால் உண்மையில் சாவது அதன் உள்ளே இருக்கும் பற்கூழ். வெளியே தெரியும் எனாமலில் உயிரணு என்று எதுவும் இல்லை. அதை உருவாக்கிய அணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. எனாமலுக்கு அடியில் டென்டின், அதற்கும் உள்ளே ஒரு சிறு அறை. அந்த அறையிலும், அங்கிருந்து வேர்நுனி வரை இறங்கும் மெல்லிய குழாய்களிலும் நிறைந்திருப்பதுதான் கூழ். ரத்த நாளங்கள், நரம்பிழைகள், டென்டினை உருவாக்கும் அணுக்கள் எல்லாம் அதில் அடக்கம். தாடை எலும்பிலிருந்து இதற்கு வரும் ரத்தம் பெரும்பாலும் வேர்நுனியில் உள்ள ஒரு துளை வழியாகத்தான் வந்துபோகிறது. வளர்ந்த பல்லில் அந்தத் துளையின் அகலம் அரை மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கிவிடும்.

‘நரம்பு செத்துப்போச்சு’ என்று பேச்சுவழக்கில் சொல்வது பாதிதான் சரி. நரம்போடு ரத்த நாளமும் மற்ற அணுக்களும் சேர்ந்தே சாகின்றன. ஆனால் பல் முழுதாகச் சாவதில்லை. வேரைச் சுற்றி, பல்லை எலும்போடு பிணைத்து நிறுத்தும் நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அதற்கு ரத்தம் சுற்றியுள்ள எலும்பிலிருந்தும் ஈறிலிருந்தும் வருகிறது. எனவே கூழ் செத்தாலும் நார் உயிரோடு இருக்கும். பல் தன் இடத்தில் நிற்கும், மெல்லும்; கடிபட்டது முறுக்கா இட்லியா என்பதையும் இந்த நார் மூளைக்குச் சொல்லிவிடும். செத்த பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற முடிவது இதனால்தான். செத்த பல் தரும் தொல்லைகளில் பெரும்பகுதி நடப்பதும் இந்த நாரிலும் இதை ஒட்டிய எலும்பிலும்தான்.

கூழ் சாவதற்கு முதற்காரணம் சொத்தை. டென்டின் கெட்டியாகத் தெரிந்தாலும், சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழல்கள் ஓடும் சல்லடை அது. கிருமி வந்து சேரும் முன்பே அதன் நச்சு இக்குழல்கள் வழியாகக் கூழை எட்டிவிடுகிறது. கூழும் சும்மா இருப்பதில்லை. உட்புறம் புதிய டென்டின் சுவர் எழுப்பிக்கொண்டே பின்வாங்கும். மெல்லப் பரவும் சொத்தையில் இந்தத் தற்காப்பு பல ஆண்டுகள்கூடத் தாங்கும். சொத்தை வேகமாக இறங்கினால் தாங்காது; கூழில் அழற்சி தொடங்கும். உடலில் வேறு எங்கு அழற்சி வந்தாலும் வீங்க இடம் உண்டு. கூழைச் சுற்றி நான்கு பக்கமும் கல் போன்ற சுவர். வீங்க வழியில்லாத வீக்கம் அழுத்தமாக மாறி அங்குள்ள நாளங்களை நெரிக்கிறது. கூழ் முழுவதும் வேர்நுனியில் ஒரேயடியாக நெரிபட்டுச் சாகிறது என்று முன்பு நினைத்தார்கள், அப்படியல்ல. சொத்தைக்குப் பக்கத்து மூலையில் தொடங்கி, துண்டு துண்டாகச் சாகிறது. இரண்டு மூன்று வேருள்ள கடைவாய்ப் பல்லில் ஒரு வேரின் கூழ் செத்து, மற்றொன்றில் உயிர் மிச்சம் இருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட பல் நோயாளியை மட்டுமல்ல, மருத்துவரையும் குழப்பும்.

இதில் கிருமிகளின் பங்கு எவ்வளவு என்பதை 1965இல் வெளியான ஓர் எலிச் சோதனை தெளிவாக்கியது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் கடைவாய்ப் பற்களில் கூழ் வெளியே தெரியும்படி துளையிட்டு, மூடாமல் விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகி, வேர்நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கோ, துளையில் தீனி அடைந்து கிடந்தும் கூழ் பிழைத்தது. துளையை மறைத்துப் புதிய டென்டினும் வளர்ந்தது. துளை ஒன்றுதான், தீனி ஒன்றுதான்; வேறுபாடு கிருமி மட்டுமே. இன்றைய வேர் சிகிச்சையின் ஒவ்வொரு படியும் இந்த ஒரு முடிவின் மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாவது காரணம் அடி. சைக்கிளிலிருந்து விழுவது, முகத்தில் கிரிக்கெட் பந்து படுவது போன்றவற்றில் பல் உடையாமலே அசைந்து கொடுத்தால், வேர்நுனித் துளையில் ரத்த நாளம் அறுந்துவிடலாம். சொத்தை இல்லை, வலியும் ஓரிரு நாளில் போய்விடும். கூழ் மட்டும் ஓசையில்லாமல் செத்துப்போகும். பள்ளிக்கூட வயதில் பட்ட அடி கல்யாணப் புகைப்படத்தில் கறுத்த முன்பல்லாகத் தெரியவரும்போது, அடிபட்டதே பலருக்கு நினைவிருக்காது. மற்றபடி, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது ஆகியவற்றால் விழும் விரிசல், கூழுக்கு மிக அருகில் வரை போன ஆழமான அடைப்பு, வேர்நுனி வரை இறங்கிய ஈறுநோய் ஆகியவையும் கூழைக் கொல்லக்கூடும்.

சாகிற பல் அதற்கு முன் அறிகுறி காட்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, உடனே அடங்கினால் கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. கூச்சம் வலியாகி, தண்ணீரை விழுங்கிய பிறகும் நிமிடக் கணக்கில் நீடித்தால் நிலைமை கைமீறுகிறது. சூடான காபி குடித்தால் வலித்து, குளிர்ந்த தண்ணீரைக் கொப்பளித்தால் தணிவது கடைசிக் கட்டத்தின் அடையாளம். படுத்தால் தலைக்கு ஏறும் ரத்தத்தோடு வலியும் ஏறி, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிறகு ஒரு நாள் காலையில் வலி இருக்காது. பல் வைத்தியத்தில் மிக அதிகமாக ஏமாற்றும் நாள் அதுதான். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு செத்துவிட்டது; ஆனால் நோயாளி, பல் தானே சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து, மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்துவிடுவார். செத்த கூழ் கிருமிகளுக்கு நல்ல தீனி. ரத்த ஓட்டம் இல்லாததால் உடலின் காவல் அணுக்கள் அங்கே நுழையவும் முடியாது. கிருமிகள் பெருகி வேர்நுனி வழியாக எலும்பை எட்டும்போது, வாரங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ, வலி வேறு உருவில் திரும்பி வரும். இந்த முறை சூடும் குளிரும் ஒன்றும் செய்யாது. கடித்தால் வலிக்கும், தட்டினால் வலிக்கும், அந்தப் பல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றும். வலிப்பது பல் அல்ல, வேரைச் சுற்றிய நார்.

நிறமாற்றம் பலரும் அறிந்த அடையாளம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே கசிந்த ரத்தம் டென்டின் குழல்களில் புகுந்து சிதையும்போது பல் சாம்பல் நிறமாகிறது. அடிபட்ட சில நாளில் தெரியும் இளஞ்சிவப்பு, கூழ் பிழைத்தால் மறைந்துவிடலாம். மஞ்சளாக மாறும் பல் பெரும்பாலும் செத்ததல்ல. அடியின் எதிர்வினையாகக் கூழ் தன் அறையையே டென்டினால் நிரப்பிக்கொள்வதால் வரும் நிறம் அது.

ஈறில் பரு போல ஒரு கொப்புளம் எழுந்து, உடைந்து, மறுபடி எழுவது இன்னும் உறுதியான சான்று. வேர்நுனியின் சீழ் எலும்பைத் துளைத்துத் தனக்கொரு வடிகால் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அழுத்தம் வடிந்துவிடுவதால் வலி இருக்காது. வாயில் கெட்ட சுவை மட்டும் அவ்வப்போது வரும். கீழ்த்தாடைப் பல்லின் வடிகால் சில நேரம் மோவாயின் தோலில் திறந்துகொள்ளும். அதைத் தோல் நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவியவர்கள் உண்டு.

பல் செத்ததா என்று உறுதிப்படுத்த மருத்துவர் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார், அல்லது மிகச் சிறிய மின்துடிப்பு கொடுப்பார். பக்கத்துப் பல் கூசி, இந்தப் பல் மட்டும் மௌனமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். இச்சோதனைகள் அளப்பது நரம்பின் உணர்வைத்தான், ரத்த ஓட்டத்தை அல்ல. அடிபட்ட பல்லில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தாலும் நரம்பு சில வாரங்கள், சில நேரம் மூன்று மாதங்கள் வரை மரத்துப்போயிருக்கும். அவசரப்பட்டுத் துளையிட்டால் உயிருள்ள பல்லைக் கொன்றதாகிவிடும். எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றித் தெரியும் கறுப்பு வட்டம், அங்கே எலும்பு கரைந்திருப்பதைக் காட்டும். கணிசமான எலும்பு கரைந்த பிறகுதான் அது படத்தில் விழும் என்பதால், படம் சுத்தமாக இருப்பது பல் உயிரோடு இருப்பதற்கு ஆதாரமாகாது.

இந்நிலையில் வீட்டு மருந்துகளால் பயன் இல்லை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போக வைப்பது உண்மை. உள்ளே நரம்பே இல்லாத பல்லில் அது எதை மரக்க வைக்கும்? மருந்துக்கடையில் தானே வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். மாத்திரை ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்கிறது. செத்த கூழுக்கு ரத்தம் போவதில்லை. முகம் வீங்கி, காய்ச்சல் வந்தால் சுற்றுத் திசுக்களுக்காக அந்த மருந்தை மருத்துவரே தருவார். ஆனால் கிருமியின் கூடாரம் பல்லுக்குள் இருக்கும்வரை வீக்கம் வடிவதும் திரும்புவதுமாகவே இருக்கும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. பல்லின் உணர்வு நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் தொடர்பில்லை. உண்மையில் ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது: சீழ் பிடித்த மேல் கோரைப்பல்லை அப்படியே விட்டால் கண்ணுக்குக் கீழே வீக்கம் ஏறி, அரிதாக, மூளைக்கு அடியில் உள்ள ரத்த நாளம் வரை தொற்று போகலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுக்குழல் அடைபடும். 1836இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயராலேயே அந்த நிலை இன்றும் அழைக்கப்படுகிறது. வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, தாடைக்கு அடியில் கெட்டியான வீக்கம் ஆகியவை தெரிந்தால் பல் கிளினிக்குக்கு அல்ல, நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது வேகமாகப் பரவும்.

செத்த பல்லுக்கு வழி இரண்டுதான்: வேர் சிகிச்சை, அல்லது பிடுங்குவது. வேர் சிகிச்சையில் முதலில் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்ட வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த பார்னம் என்ற பல் மருத்துவர் 1864இல் கண்டுபிடித்த இந்த எளிய பொருள், எச்சிலின் கிருமி பல்லுக்குள் போகாமலும், பல்லுக்குள் ஊற்றும் மருந்து தொண்டைக்குள் போகாமலும் தடுக்கிறது. இதைப் போடாமலே வேலையை முடிக்கும் இடங்கள் உண்டு. நோயாளி கேட்டு வாங்குவதில் தவறில்லை. பிறகு பல்லின் மேற்பகுதியில் துளையிட்டு, நுண்ணிய அரங்களால் குழாய்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். அரம் போகாத மூலைகளைக் கழுவுவது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது துணி வெளுக்கும் திரவத்தின் அதே வேதிப்பொருள். குழாயின் போக்கு ஒவ்வொரு பல்லிலும் ஒவ்வொரு விதம். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும் பெரும்பாலும் நான்கு குழாய்கள் இருக்கும். அந்த நான்காவதைக் கண்டுபிடிக்காமல் விடுவது சிகிச்சை தோற்பதற்கு நன்கு தெரிந்த காரணம்.

சுத்தமான குழாயை அடைக்கப் பயன்படும் கட்டாபெர்ச்சா, மலாய்த் தீபகற்பத்து மரம் ஒன்றின் பாலிலிருந்து வருகிறது. இலுப்பையும் சப்போட்டாவும் அந்த மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த இந்தப் பொருள், சூட்டில் இளகி, ஆறினால் இறுகும், உடலோடு ஒத்துப்போகும். கூழ் செத்துவிட்டதால் சிகிச்சையில் வலி இருக்காது என்பது எப்போதும் சரியல்ல. சுற்றியுள்ள நார் புண்ணாகியிருந்தால் மரப்பு ஊசி தேவைப்படும்.

அடைத்ததோடு வேலை முடிவதில்லை. சொத்தையும் துளையும் தின்ற கடைவாய்ப் பல், கடிக்கும் அழுத்தத்தில் பிளந்துவிடும். அதனால்தான் மேலே ‘கேப்’ போடுகிறார்கள். அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளில் 14 லட்சத்துக்கும் அதிகமான வேர் சிகிச்சைப் பற்களைத் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியான ஆய்வில், 8 ஆண்டுகளுக்குப் பிறகும் 97 விழுக்காடு பற்கள் வாயில் இருந்தன. பிடுங்க நேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கேப் போடப்படாதவை. சிகிச்சைக்குச் செலவழித்துவிட்டு, கேப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதைப்போல் நஷ்டக் கணக்கு வேறில்லை. கறுத்த முன்பல்லுக்கு எப்போதும் கேப் வேண்டியதில்லை. அடைத்த குழாய்க்கு மேலே, அறைக்குள் வெளுப்பு மருந்தைச் சில நாள் வைத்து மூடியே நிறத்தை மீட்கலாம்.

சிறு பிள்ளைகளின் கணக்கு வேறு. செத்த பால்பல்லை, விழப்போகிற பல்தானே என்று விட்டால், அடியில் உருவாகும் நிரந்தரப் பல்லின் எனாமல் தழும்போடு வெளிவரலாம். புதிதாக முளைத்த நிரந்தரப் பல்லில் வேர்நுனி இன்னும் மூடியிருக்காது. அடைப்பு நிற்க அடித்தளம் இல்லை. முன்பு கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, நுனி மூடும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். 1990களில் வந்த எம்.டி.ஏ. என்ற சிமென்ட் அதை ஓரிரு வருகையில் முடிக்க வைத்தது. வேர்நுனியில் ரத்தம் கசியச் செய்து, அந்த உறைவில் புதுத் திசு வளரவிடும் முறையும் இப்போது சில பற்களில் பலன் தருகிறது.

தோற்ற சிகிச்சையை மறுபடி செய்யலாம். ஈறைத் திறந்து வேர்நுனியை மட்டும் வெட்டியெடுத்து அடைக்கலாம். வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் மட்டும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சிகிச்சை பலித்ததா என்பதற்கு வலி இல்லாமை சாட்சி ஆகாது. ஓராண்டு கழித்து எடுக்கும் எக்ஸ்ரேதான் சாட்சி. வேர்நுனியின் கறுப்பு அதில் சுருங்கியிருந்தால் எலும்பு திரும்ப வளர்கிறது என்று பொருள். முழுதாக நிரம்ப நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம்.