கல்லுத்தொட்டிக்கு ஒரு தம்பி

பொடக்காலி – 23

பவானியில் எங்கள் பழைய வீட்டுக் கட்டுத்தரையில் ஒரு கல்லுத்தொட்டி கிடக்கிறது. ஒற்றைக் கருங்கல்லைக் குடைந்து செய்தது. நாலு ஆள் கை போட்டால்தான் அசையும். அப்பாரு காலத்தில் எருதுகளுக்குக் கழுநீரும் ஆட்டிய பருத்திக்கொட்டையும் அதில்தான் ஊற்றுவார்கள். எருதுகள் போய் டிராக்டர் வந்தது. பிறகு டிராக்டரும் வாடகைக்கு என்றானது. தொட்டி மட்டும் நகரவில்லை, நகர்த்த ஆளில்லை என்பதும் ஒரு காரணம்.

போன தை மாதம் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ஏனுங்க, சும்மாதான கெடக்குது, குடுத்துருங்க. ரிசார்ட்டுல பூச்செடி வெக்கக் கேக்கறாங்க” என்றார். கொடுக்க மனம் வரவில்லை. அவர் போன பிறகுதான், பூச்செடியை நாமே வைக்கலாமே என்று தோன்றியது. ஆனால் செடி வைக்க அடியில் ஓட்டை வேண்டும். அப்பாருவின் தொட்டியில் டிரில்லிங் மிஷினை வைக்க என் கை துணியவில்லை. சரி, இதே மாதிரி ஒன்றை வார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். இந்த வாரக் கதை அதுதான்.

இந்த ஆசை எனக்குப் புதிதாக வந்ததில்லை, நூறு வருடம் முன்பே இங்கிலாந்துக்காரர்களுக்கு வந்துவிட்டது. அங்கேயும் பண்ணைகளில் மாடும் குதிரையும் தண்ணீர் குடித்த கல்தொட்டிகள் இருந்தன, அடுப்படியில் பாத்திரம் கழுவிய கல்தொட்டிகளும் இருந்தன. வீட்டுக்குள் பீங்கான் தொட்டியும் பண்ணைக்குள் தகரத் தொட்டியும் வந்ததும் கல் வெளியே வந்து விழுந்தது. ஸ்டீவனேஜ் ஊரில் சிக்ஸ் ஹில்ஸ் என்ற நாற்றுப்பண்ணை நடத்திய கிளாரன்ஸ் எலியட், ஆல்ப்ஸ் மலையில் பாறை இடுக்குகளில் முளைக்கும் குட்டிச் செடிகளை இந்தத் தொட்டிகளில் வளர்த்துக் காட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் கல்தொட்டி தேட ஆரம்பித்தார்கள். தேடத் தேடத் தட்டுப்பாடு, தட்டுப்பாடு வந்ததும் விலை. அப்படித்தான் 1930களில் சிமென்ட், மணல், பீட் மூன்றையும் கலந்து கல் மாதிரியே தொட்டி வார்க்கும் பழக்கம் அங்கே பரவியது. அதற்கு ஹைப்பர்டூஃபா என்று பெயர்.

டூஃபா என்பது சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்றுத் தண்ணீர் படிந்து படிந்து உருவாகும், துளை துளையான ஒரு கல். நம் பக்கம் ஓடைக்கரையில் கிடைக்கிற சுக்கான்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்தக் குணம் புரியும். தண்ணீரைக் குடிக்கும், மூச்சும் விடும். கருங்கல்லுக்கு இந்த இரண்டும் தெரியாது. ஆக, நகல் தொட்டி அசலைவிடச் செடிக்கு நல்லது. எனக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது.

சிக்கல் பீட்டில்தான் இருந்தது. பீட் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் பாசி மக்கியும் மக்காமலும் சேர்ந்த கறுப்பு மண். அது ஒரு மில்லிமீட்டர் சேரவே ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதைக் கப்பலில் வரவழைத்துப் பவானியில் தொட்டி செய்வது, காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு பாட்டில் தண்ணீர் வாங்குகிற மாதிரி. நமக்குப் பொள்ளாச்சி இருக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் இரண்டு கிலோ தூள் மிஞ்சும். ஒரு காலத்தில் நார் மில்களுக்குப் பின்னால் மலை மலையாகக் குவிந்து கிடந்து, மழை பெய்தால் செவசெவ என்று சாறு இறங்கிக் கிணற்றைக் கெடுத்த அதே தூள்தான் இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கோகோபீட் என்ற பெயரில் கப்பல் ஏறுகிறது. பெயரிலேயே பீட் இருக்கிறது, பீட் செய்கிற வேலையையும் செய்யும். தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பார்கள்.

நண்பர் ஒருவரின் நார் மில்லிலிருந்து இரண்டு சாக்குத் தூள் இலவசமாக வந்தது. அளவு பழைய இங்கிலாந்து அளவுதான்: சிமென்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பீட் இருந்த இடத்தில் நார்த்தூள் இரண்டு பங்கு. ஆற்று மணல் இப்போது யாருக்குக் கிடைக்கிறது, எம்-சாண்ட்தான். கலந்தேன், வார்த்தேன், சாக்குப் போட்டு மூடினேன். மறுநாள் திறந்தால் ஈரம். மூன்றாம் நாளும் ஈரம். ஐந்தாம் நாள் விளிம்பைத் தொட்டேன், பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

பக்கத்து வீட்டில் காம்பவுண்ட் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார்.

“தூளைக் கழுவுனீங்களாங்க?”

“இல்லீங்களே.”

“அப்பறம் எப்படிங்க கட்டும்? மட்டைச் சாறு அப்படியே இருக்குது. வெல்லத்தண்ணி ஊத்துன மாதிரிங்க. சிமெண்டு தூங்கிப் போச்சு.”

எனக்கு ஆச்சரியம். பழைய கோயில் மதிலுக்கும் அரண்மனைச் சுவருக்கும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்தல்லவா அரைத்தார்கள் என்று கேட்டேன். “அது சுண்ணாம்புங்கண்ணா, இது சிமெண்டு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அவர் தன் மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வரியை விரித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து, மெல்ல மெல்லக் கல்லாகும். அதற்கு அவசரமே கிடையாது. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. சர்க்கரையும், மட்டையில் இருக்கிற துவர்ப்பான டானினும் சிமென்ட் துகள்களைப் போர்த்திக்கொண்டு அந்த வினையை நடக்கவிடாமல் செய்துவிடும். இதற்குக் கொஞ்சம் சர்க்கரையே போதும். கான்கிரீட் லாரி வழியில் பழுதாகி நின்றால், உள்ளே இருப்பது இறுகிப் பாறையாகிவிடாமல் இருக்கச் சர்க்கரையைக் கொட்டுவதுண்டு. கருப்பட்டி ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு விஷம்.

அதனால் இந்தத் தொட்டியில் பாதி வேலை கழுவுவதுதான். நார்த்தூளை டிரம்மில் ஊற வைத்து, தினம் தண்ணீரை மாற்ற வேண்டும். முதல் நாள் டிக்காஷன் மாதிரி வரும், அடுத்த நாள் வெறும் டீ. வடிகிற தண்ணீர் தெளிந்தால்தான் போதும் என்று அர்த்தம். எனக்கு நாலு நாள் ஆனது. டானினோடு தூளிலிருக்கும் உப்பும் போய்விடும், அது செடிக்கும் நல்லது. பிறகு பிழிந்து வெயிலில் காயப் போட வேண்டும். நீள நார் கொஞ்சம் கலந்திருந்தால் பொறுக்கி எறியாதீர்கள், அது உள்ளே கம்பி மாதிரி பிடித்துக்கொள்ளும். பெரிய கட்டிகளை மட்டும் சல்லடையில் தள்ளிவிட்டால் போதும். கடையில் கழுவிய கோகோபீட் என்று கேட்டு வாங்கினாலும் ஒரு முறை ஊற வைத்துத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிடுவது என் பழக்கம்.

இரண்டாவது தடவை கலந்தபோது பதத்தையும் கற்றுக்கொண்டேன். கொழுக்கட்டை பிடிக்கிற பதம். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரல் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும், கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் தாராளமானால் தொட்டி வெடிக்கும். ரப்பர் கையுறை கட்டாயம். சிமென்ட் ஈரம் தோலை அரித்துவிடும், பகலில் தெரியாது, ராத்திரி தெரியும். காய்ந்த சிமென்டைக் கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு எதையும் வாங்க வேண்டாம். விளிம்பு உடைந்த அன்னக்கூடை, மீன் வந்த தெர்மகோல் பெட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டி எதுவானாலும் உள்ளே பாலிதீன் தாளை விரித்துவிட்டால் சரி. சுவர் நாலு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடியில் இரண்டு துண்டு பிவிசி குழாயை நட்டு வைத்து வார்த்தால் ஓட்டை தானாக வந்துவிடும். முக்கால் அடிக்கும் குறைவான உயரத்தில், ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலத்துக்கு ஒரு தொட்டி வார்க்க ஏழு கிலோ சிமென்ட் வாங்கியது. 50 கிலோ மூட்டையில் ஏழு தொட்டி. ஆளுக்குக் கூலி கொடுக்காமல், தூளுக்குக் காசு கொடுக்காமல் பார்த்தால் ஒரு தொட்டி நூறு ரூபாயைத் தாண்டவில்லை. என் முதுகுவலிக்கு வாங்கிய தைலத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெர்லைட் போட்டால் இன்னும் இலேசாகும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அது சூட்டில் பொரித்தெடுத்த எரிமலைக் கண்ணாடி, பொரி மாதிரியே இருக்கும். மணலுக்குப் பதில் அதைப் போட்டு, சிமென்ட் இரண்டு, தூள் மூன்று, பெர்லைட் மூன்று என்பது அவர்கள் கணக்கு. மொட்டை மாடியில் வைக்கிறவர்களுக்கு எடை முக்கியம், அவர்கள் செலவழிக்கலாம். தரையில் வைக்கிற எனக்கு எம்-சாண்டே போதும்.

ஒரு நாள் கழித்து அச்சை எடுக்கும்போது தொட்டி இன்னும் பிஞ்சு. அந்த நேரத்தில் பழைய கம்பி பிரஷ்ஷால் மேல்புறத்தைத் தேய்த்துவிட்டால் சிமென்ட் மினுமினுப்புப் போய்க் கல் முகம் வரும். விளிம்பை உளியால் லேசாகக் கொத்தினால் குடைந்த தொட்டியே தோற்றுவிடும். அதன்பின் ஈரம் காயக் கூடாது. காய்வது வேறு, இறுகுவது வேறு. நான் கிழிந்த பவானி ஜமக்காளம் ஒன்றை நனைத்துப் போர்த்தினேன். கெட்டியான பருத்தி நூலில் நெய்த பழைய ஜமக்காளம் காலையில் குடித்த தண்ணீரைச் சாயங்காலம் வரை வைத்திருக்கும். சித்திரை வெயிலில் சாக்கு மத்தியானத்துக்குள் மொறமொறப்பாகிவிடுகிறது. முழுப் பலம் வர 28 நாள் என்று கொத்தனார்கள் வைத்திருக்கிற கணக்கு இதற்கும் பொருந்தும்.

மோர் தடவினால் சீக்கிரம் பாசி பிடித்துப் பழைய கல்லாகத் தெரியும் என்று எங்கோ படித்துத் தடவியும் பார்த்தேன். எறும்புதான் வந்தது. மழைமறைவுப் பிரதேசத்தில் பாசிக்கு ஆசைப்படுவது கொஞ்சம் அதிகம்தான்.

இறுகின தொட்டியில் உடனே செடி வைத்துவிடாதீர்கள். புதுச் சிமென்டின் காரத்தன்மை பிஎச் அளவில் 12ஐத் தாண்டும், வேர் வெந்துவிடும். இங்கிலாந்தில் ஒரு குளிர்காலம் முழுக்க மழையில் போட்டு வைத்துவிடுவார்கள். நமக்கு ஐப்பசி வரைக்கும் காத்திருக்க முடியாது, ஆகவே தண்ணீரில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, மூன்று வாரம் விட வேண்டும். அப்படியும் கொஞ்சம் சுண்ணாம்புக் குணம் மிச்சமிருக்கும். இட்லிப்பூவை அதில் வைத்தால் இலை வெளுத்துப்போகும், அதற்குப் புளிப்பு மண் வேண்டும். பத்துமணிப்பூ, பிரண்டை, சோற்றுக்கற்றாழை, அடீனியம் போன்றவை குறை சொல்லாமல் வளரும். கோடையில் சுவரின் துளைகள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரி உள்ளே மண்ணும் குளிர்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் பையில் வேர் வேகிறதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதற்காக மண்தொட்டியை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் சிமென்டில் வார்க்கச் சொல்லவில்லை. குயவர் வீட்டுத் தொட்டி அருகில் கிடைக்கிற ஊரில் அதை வாங்குங்கள். நீளமாக, அகலமாக, உடையாமல் வேண்டும் என்கிற இடத்துக்கு இது.

மூழ்க வைக்க அவ்வளவு பெரிய பாத்திரம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று நாலு நாள் தேடினேன். பிறகுதான் கட்டுத்தரை நினைவு வந்தது. அப்பாருவின் கல்லுத்தொட்டிக்குள் இரண்டு புதுத் தொட்டிகள் சரியாக அடங்குகின்றன. ஓட்டை போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. பழக்கதோஷத்தில் பக்கத்து வீட்டு ஆடு வந்து அந்தக் காரத் தண்ணீரில் வாய் வைத்துவிடாமல் இருக்க, அதே ஜமக்காளத்தைத் தொட்டிமேல் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருக்கிறேன்.

(தொடரும்)